பிசிறு எடுப்பது எப்படி: மெஷினில் இறங்கிய பீஸை விளிம்பு விளிம்பாக முடிக்கும் முறை

மெஷினில் இருந்து இறங்கிய பீஸின் ஓரத்தை வெறும் கையால் தடவிப் பார்க்காதீர்கள். புதிதாக வருகிற எல்லாரும் முதல் நாளே செய்கிற காரியம் இதுதான். பீஸைப் பிடித்திருக்கிற வைஸைத் தளர்த்தி எடுத்ததும் கட்டைவிரல் தானாக ஓரத்துக்குப் போய்விடும். வெட்டிய ஓரத்தில் மிஞ்சி நிற்கிற மெல்லிய உலோகம்தான் பிசிறு, கண்ணுக்கே தெரியாத அது சதையைக் கீறிவிடும், வெட்டும்போது ஊற்றுகிற கூலண்ட் திரவம் வேறு பட்டால் இரண்டு நாளைக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

நான் சிங்கப்பூருக்கு வந்து பதினான்கு வருஷம் ஆகிறது. அங் மோ கியோவில் கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடுகிற சிஎன்சி மெஷின் வைத்திருந்த ஒரு சின்னக் கடையில் தொடங்கி இப்போது துவாஸில் இருக்கிறேன். வந்த புதிதில் எட்டு மாதம் எனக்குக் கொடுத்த வேலை பிசிறு எடுப்பது மட்டும்தான். எந்தக் கடையிலும் இதைப் புதுப் பையன் தலையில்தான் கட்டுவார்கள். பிசிறு எடுக்கிற கைக்கருவி ஒன்றையும் ஒரு டப்பா பீஸையும் கொடுத்து "எல்லா ஓரமும் எடுத்துடு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். எவ்வளவு எடுக்க வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று யாரும் சொல்வதில்லை. மணிக்கணக்கில் மெஷினில் ஓடி, மைக்ரான் கணக்கில் அளவு பிடித்த பீஸ் கடைசி ஐந்து நிமிஷத்தில் கையில் கெட்டுப்போவது இதனால்தான். அந்தச் சொல்லாத பாதியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பிசிறு எங்கிருந்து வருகிறது

டூல் உலோகத்தை வெட்டிக்கொண்டே போகிறது. ஓரத்துக்கு வந்ததும் அந்தக் கடைசித் துளி உலோகத்துக்குப் பின்னால் தாங்க ஒன்றும் இல்லை. அதனால் அது வெட்டுப்படாமல் வெளிப்பக்கமாக மடங்கி நின்றுவிடுகிறது. பெரிய பிசிறு எப்போதும் டூல் வெளியே வருகிற பக்கத்தில்தான் இருக்கும். டிரில் போட்ட தட்டைத் திருப்பிப் பாருங்கள், மேல்பக்கம் சுமாராக இருக்கும், அடிப்பக்கம் கிரீடம் மாதிரி நிற்கும். இது போக, டூல் அழுத்துவதால் பக்கவாட்டில் பிதுங்குகிற மெல்லிய பிசிறு ஒன்று உண்டு. வெட்டாமல் கிழிப்பதால் வருவது இன்னொன்று. லேத்தில், அதாவது கடைசல் மெஷினில், பீஸை அறுத்து எடுக்கிற பார்ட்டிங் முடிவதற்குள் அது முறிந்து விழுந்தால் நடுவில் குச்சி போல நிற்பது வேறொன்று. பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஆனால் டூல் எந்தப் பக்கம் நுழைந்தது, எந்தப் பக்கம் வெளியே வந்தது என்று தெரிந்துவிட்டால், பிசிறு எங்கே இருக்கும் என்று பீஸைப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

அதனால் பிசிறு எடுக்கிற வேலை மெஷினிலேயே தொடங்கிவிடுகிறது. டூலில் மாட்டுகிற வெட்டுமுனையான இன்சர்ட் மழுங்கினால் பிசிறு இரட்டிப்பாகும். காலையில் எடுத்த பீஸ் வழவழவென்று இருந்து, மத்தியானம் அதே புரோகிராமில் பிசிறு தடித்துவிட்டால், கையால் ராவி மறைக்காதீர்கள், ஆபரேட்டரிடம் போய்ச் சொல்லுங்கள். அது டூல் தேய்ந்ததற்கு முதல் அறிகுறி, அளவு நழுவுவதற்கு முன்னாலேயே இது காட்டிக் கொடுத்துவிடும்.

மில்லிங்கில் சேம்பரையும், அதாவது விளிம்பில் போடுகிற சாய்வு வெட்டையும், புரோகிராமிலேயே போட்டுவிடுவது நல்லது. 90 டிகிரி சேம்பர் மில் போடும்போது அதன் நுனியால் வெட்டாதீர்கள். நுனி சுற்றுகிற வேகம் கிட்டத்தட்ட பூஜ்யம், அங்கே வெட்டு விழாது, தேய்க்கத்தான் செய்யும். 6 மி.மீ. டூல் என்றால் நுனியைக் கீழே இறக்கி, வெட்டுமுனையின் நடுப்பகுதி, அதாவது விட்டம் 3 மி.மீ. இருக்கிற இடம் விளிம்பில் படுகிற மாதிரி ஆஃப்செட் கொடுங்கள். கடைசியில் அதே பாதையில் இன்னொரு வெற்றுப் பாஸ் ஓடவிடுங்கள். சில வினாடிதான் கூடும், மேஜையில் உட்கார்ந்து செய்கிற வேலை பாதியாகக் குறைந்துவிடும்.

கருவியை எடுக்கும் முன் டிராயிங்

எங்களிடம் புதிதாக வந்த ஒரு தம்பி கேட்டான்: "அண்ணே, இதுல எவ்வளவு எடுக்கணும்?"

"டிராயிங்ல என்ன போட்டிருக்கு?"

"ஒண்ணும் போடலண்ணே."

போட்டிருந்தது. பெயர்க்கட்டத்துக்கு மேலே, பொதுக் குறிப்புகளில் மூன்றாவது வரியில் "கூர் விளிம்புகளை 0.1 முதல் 0.3 வரை உடைக்கவும்" என்று இருந்தது. ஒவ்வொரு விளிம்பிலும் தனித்தனியாக எழுத மாட்டார்கள், பொதுக் குறிப்பில் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். முதலில் அங்கே பாருங்கள். அதற்கப்புறம் படத்தில் எந்த விளிம்புக்காவது தனியாக ஏதாவது சொல்லியிருக்கிறதா என்று தேடுங்கள். தனியாகச் சொன்னது பொதுக் குறிப்பை மீறும்.

சில டிராயிங்கில் ஐஎஸ்ஓ 13715 முறைப்படி விளிம்புக்குப் பக்கத்தில் ஒரு குறியும் எண்ணும் இருக்கும். வெளி விளிம்பில் −0.3 என்றால் 0.3 மி.மீ. வரை உலோகத்தை எடுக்கலாம், பிசிறு நிற்கக் கூடாது. +0.3 என்றால் அந்த அளவு வரை பிசிறு இருந்தாலும் ஏற்றுக்கொள்வார்கள். உள்மூலையில் இதே குறிக்குப் பொருள் வேறு: மைனஸ் என்றால் மூலை உள்ளே குடைந்திருக்கலாம், பிளஸ் என்றால் மூலையில் கொஞ்சம் உலோகம் மிச்சம் இருக்கலாம். உள்ளா வெளியா என்று பார்க்காமல் குறியை மட்டும் படித்தால் தலைகீழாகச் செய்துவிடுவீர்கள்.

அப்புறம் அளவு. சி 0.2 (சி என்றால் 45 டிகிரி சேம்பர்) என்று போட்டிருந்தால் இரண்டு பக்கமும் 0.2 மி.மீ. எடுக்க வேண்டும் என்று பொருள். ஆனால் லூப் என்கிற உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துச் சாய்வான அந்தப் பட்டையை நேராகப் பார்த்தால் 0.28 அகலம் தெரியும், 45 டிகிரி சாய்வு இல்லையா, 1.41 ஆல் பெருக்க வேண்டும். சி 0.5 என்றால் பட்டை 0.7. இது தெரியாமல் பட்டை 0.5 வந்ததும் "போதும்" என்று நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், 0.7 பட்டையைப் பார்த்து "கூடிப்போச்சு" என்று நல்ல பீஸைத் திருப்பி அனுப்புகிற, தரம் பார்க்கிற கியூசிக்காரர்களும் இருக்கிறார்கள்.

ஒவ்வொரு விளிம்பும் என்ன வேலைக்குப் போகிறது என்று தெரிந்துகொள்வதுதான் இந்தத் தொழிலில் முக்கால் பங்கு. கைபடுகிற விளிம்பு என்றால் வெட்டாமல் இருந்தால் போதும். இன்னொரு பீஸ் உள்ளே நுழைகிற ஓட்டை என்றால் வழிகாட்ட நல்ல சேம்பர் வேண்டும். ஹைட்ராலிக் வால்வுக்குள் நகர்கிற உருளையான ஸ்பூல் என்றால் அந்த விளிம்புதான் எண்ணெயை அளந்து விடுகிறது, அங்கே பிசிறும் இருக்கக் கூடாது, விளிம்பும் உருளக் கூடாது. பழக்கதோஷத்தில் ஒரு இழுப்பு இழுத்தால் பீஸ் குப்பைக்குத்தான்.

பெயின்ட்டோ கோட்டிங்கோ வரப்போகிற பீஸில் கணக்கு வேறு. கூரான விளிம்பில் பெயின்ட் நிற்காது, விலகி மெலிந்துவிடும், துரு அங்கேதான் முதலில் பிடிக்கும். கப்பல் பட்டறையில் வேலை செய்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும், பாலஸ்ட் டேங்க் (கப்பலைச் சமன் செய்யத் தண்ணீர் நிரப்புகிற தொட்டி) பெயின்ட்டுக்கு முன்னால் விளிம்பெல்லாம் 2 மி.மீ. ரேடியஸுக்கு உருட்ட வேண்டும், இல்லையென்றால் மூன்று முறை கிரைண்டர் ஓட்ட வேண்டும் என்பது அங்கே விதி. அலுமினியத்தில் மின்சாரம் பாய்ச்சி வளர்க்கிற கடினப் பூச்சான ஹார்ட் அனோடைஸுக்குப் போனாலும் இதே கதைதான். அந்தப் பூச்சு மேற்பரப்புக்குச் செங்குத்தாக வளர்வதால் கூரான மூலையில் பிளந்து இடைவெளி விழும். 50 மைக்ரான் பூச்சுக்கு விளிம்பில் 1.6 மி.மீ. வரை ரேடியஸ் கொடுக்கச் சொல்வார்கள். டிராயிங்கில் 0.2 என்று இருந்து, பூச்சோ 50 மைக்ரான் என்று இருந்தால் நீங்களாக முடிவு செய்யாதீர்கள், இன்ஜினியரிடம் கேளுங்கள்.

எனக்கு இது பட்டுத்தான் புரிந்தது. வேலைக்குச் சேர்ந்த ஐந்தாவது மாதம், 6061 அலுமினியத்தில் ஒரு வட்டத் தட்டு, வெற்றிடத்தில் வேலை செய்கிற ஒரு மெஷினுக்குப் போகிற பீஸ், நடுவில் கசிவை அடைக்கிற ரப்பர் வளையமான ஓ-ரிங் உட்காருகிற காடி. காடியின் விளிம்பை எடுக்கும்போது பிளேடு வழுக்கி, காடிக்குள் ரிங் அழுந்தி அடைக்கிற பளபளப்பான சீல் முகத்தில் குறுக்காக ஒரு கோடு போட்டுவிட்டது. நகத்தில் மாட்டாத அளவு மெல்லிய கோடு. உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தேன், கோடு மறைந்த மாதிரி இருந்தது, யாரிடமும் சொல்லவில்லை. ஹீலியம் வாயுவை வைத்துக் கசிவு பார்க்கிற லீக் டெஸ்ட்டில் மாட்டிக்கொண்டது. சீல் முகத்தில் வட்டமாக ஓடுகிற கோட்டை ஓ-ரிங் அடைத்துக்கொள்ளும். உள்ளிருந்து வெளியே குறுக்கே ஓடுகிற கீறல் வாயுவுக்கு ஒரு வாய்க்கால். அந்தத் தட்டோடு சேர்த்து, நான் தொட்ட அந்த லாட், அதாவது ஒன்றாக ஓடிய தொகுதி, முழுவதையும் மறுபடி சோதிக்க வேண்டி வந்தது. முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு பீஸோடு போயிருக்கும்.

இப்போது சீல் முகம் இருக்கிற எந்தப் பீஸையும், முகத்தில் மாஸ்கிங் டேப்போ பழைய பிளாஸ்டிக் ஷீட்டோ ஒட்டாமல் தொடுவதில்லை. ஓ-ரிங் காடியின் மேல் விளிம்பில் 0.1, 0.2 மி.மீ.தான் எடுக்க வேண்டும். ரிங்கைப் போடும்போது வெட்டாமல் இருக்க அது போதும், அதற்கு மேல் எடுத்தால் அழுத்தத்தில் ரிங் அந்த இடைவெளிக்குள் பிதுங்கிக் கிழியும்.

கையால் எடுக்கும்போது

கைப்பிடியில் வளைந்த பிளேடு சுழல்கிற டீபரிங் டூல் எல்லாக் கடையிலும் இருக்கும், நோகா, ஷாவிவ் என்று இஸ்ரேல் நாட்டு பிராண்டுகள்தான் அதிகம். பிளேடு எல்லாம் ஒன்று இல்லை. எஃகுக்கும் அலுமினியத்துக்கும் இ 100 வகை, பித்தளைக்கும் வார்ப்பிரும்புக்கும் இ 200 வகை. பித்தளையில் முதல் வகையைப் போட்டால் அது உள்ளே கவ்வும், விளிம்பு பல் பல்லாக வரும். பிளேடு சில்லறைக் காசுக்கு வருகிற சாமான், மழுங்கியதை வைத்து அழுத்திக்கொண்டிருக்காதீர்கள். கை வழுக்குவதெல்லாம் மழுங்கிய பிளேடில்தான்.

பிடிக்கிற விதம் முக்கியம். பீஸை வைஸில் வையுங்கள், தாடைக்கு அலுமினியமோ நைலானோ கவசம் போட்டு. கையில் பிடித்துக்கொண்டு செய்தால் பிளேடு போகிற பாதையில் மற்ற கை இருக்கும். டூலை விளிம்புக்குக் கிட்டத்தட்ட 45 டிகிரியில் சாய்த்து, கனமே இல்லாமல், ஒரே மூச்சில் கடைசி வரை இழுங்கள். சரியாகப் போனால் மெல்லிய சுருள் ஒன்று அறுபடாமல் வரும், கையில் ஒரு சீரான இழுவை தெரியும். டரட் டரட் என்று அதிர்ந்தால் கோணம் தப்பு, அழுத்தத்தைக் கூட்டாமல் கைப்பிடியைக் கொஞ்சம் நிமிர்த்தியோ சாய்த்தோ பாருங்கள். நடுவில் நிறுத்தி மறுபடி தொடங்கினால் அந்த இடத்தில் ஒரு படி விழும், அது பார்ப்பவர் கண்ணில் முதலில் படும். ஒரு இழுப்பில் பிசிறு போகும், இரண்டாவது இழுப்பில் சின்ன சேம்பர் விழும், மூன்றாவதை யோசித்துச் செய்யுங்கள்.

நேரான நீள விளிம்புக்கு எனக்கு இன்னும் அரம்தான் பிடிக்கும். ஸ்மூத் கட் அரம், நல்ல மரக் கைப்பிடியோடு. கைப்பிடி இல்லாத அரத்தின் வால் உள்ளங்கையில் ஏறிய ஆளை நான் பார்த்திருக்கிறேன். முன்னே தள்ளும்போது மட்டும்தான் அரம் வெட்டும். பின்னே வரும்போது தூக்கிவிடுங்கள், இழுத்துத் தேய்த்தால் பல்தான் மழுங்கும். அலுமினியம் அரத்தின் பல்லில் அடைத்துக்கொண்டு, அடுத்த தள்ளலில் பீஸில் ஆழமாகக் கோடு போடும். தொடங்கும் முன் அரத்தில் சாக்பீஸைத் தேய்த்துவிடுங்கள், அடைப்பது வெகுவாகக் குறையும், நடுநடுவே அரத்துக்கான கம்பி பிரஷ்ஷால் பல்லின் போக்கிலேயே சுத்தம் செய்யுங்கள்.

இதில் நிறையப் பேர் கவனிக்காத ஒன்று: சேம்பர் போட்டதும் ஒரு விளிம்பு இரண்டாகிவிடுகிறது. முதலில் இருந்த பெரிய பிசிறு போய், அந்தப் புதுப் பட்டையின் இரண்டு ஓரத்திலும் மயிரிழை மாதிரி பிசிறு முளைக்கும். கண்ணுக்குத் தெரியாது, கியூசியின் பஞ்சில் மாட்டும். அதற்காக மறுபடி பிளேடு போட்டால் மறுபடி இரண்டு முளைக்கும். அங்கே வெட்டுவதை நிறுத்திவிட்டுத் தேய்ப்பதற்கு மாற வேண்டும். மெரூன் நிற ஸ்காட்ச் பிரைட் ஒரு துண்டு, விளிம்பின் போக்கில் இரண்டு மூன்று முறை, அவ்வளவுதான். சமதளமான முகத்தில் நிற்கிற பிசிறுக்கு நைசான எண்ணெய்க் கல். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கல்லைத் தட்டையாகப் படுக்க வைத்து எட்டுப் போடுகிற மாதிரி நகர்த்தினால் உயர்ந்து நிற்பதை மட்டும் எடுக்கும், முகத்தை ஒன்றும் செய்யாது.

பொருளைப் பொறுத்து வழக்கம் மாறும். ஸ்டெயின்லெஸ் தேய்த்தால் இறுகும், அதனால் மழுங்கிய கருவியோடு அதன் பக்கமே போகக் கூடாது, கூராக ஒரே வெட்டில் எடுத்துவிட வேண்டும். இன்னொன்று, மைல்டு ஸ்டீலில் ஓடிய அரத்தையோ இரும்புக் கம்பி பிரஷ்ஷையோ ஸ்டெயின்லெஸில் போடாதீர்கள். இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டு ஒரு வாரத்தில் பழுப்புப் புள்ளி போடும், வாடிக்கையாளர் "ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்குதே" என்று போன் செய்வார். ஸ்டெயின்லெஸ்ஸுக்குத் தனி அரம், கைப்பிடியில் நீல டேப், தனி டிராயர். எங்கள் மேஜையில் இந்த ஒழுங்கை நான் யாருக்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை. பீக், டெல்ரின் மாதிரி பிளாஸ்டிக்கில் தேய்த்தால் நார் நாராக எழும்பும், கூரான சர்ஜிகல் பிளேடை நிமிர்த்திப் பிடித்துச் சுரண்டுவதுதான் அங்கே வழி.

ஓட்டையும் மரையும்

நேர் ஓட்டைக்கு, அதன் வாயில் சேம்பர் வெட்டுகிற கூம்புக் கருவியான 90 டிகிரி கவுன்டர்சிங்க், மெதுவான வேகம், சொட்டு எண்ணெய். வேகமாகச் சுற்றினால் அறுகோணமாக வரும். எவ்வளவு போட்டோம் என்று பார்க்க வெளி விட்டத்தை அளங்கள். 6 மி.மீ. ஓட்டையில் சி 0.3 என்றால் மேலே 6.6 இருக்க வேண்டும். பின்பக்கத்தை மறக்காதீர்கள், திரும்பி வருகிற பீஸ்களில் பாதி பின்பக்க ஓட்டைக்காகத்தான் வருகின்றன.

மரை போடுகிற ஓட்டைக்கு டேப், அதாவது மரை வெட்டுகிற கருவி, போடும் முன்னாலேயே சேம்பர் போட்டுவிடுங்கள், மரையின் வெளி விட்டத்தை விடக் கொஞ்சம் பெரிதாக. எம் 6 (6 மி.மீ. மரை) என்றால் 5 மி.மீ. டிரில், மேலே 6.2, 6.3 வரை சேம்பர், அப்புறம் டேப். தலைகீழாகச் செய்தால் முதல் மரை மேலே பிதுங்கி நிற்கும், அதைக் கவுன்டர்சிங்கால் எடுக்கப் போனால் பிசிறு மரைக்குள் மடங்கி விழும், மறுபடி டேப்பை ஓட்ட வேண்டும்.

பிசிறு எடுப்பதில் கடினமான இடம் எது என்று கேட்டால், ஒரு ஓட்டை இன்னொரு ஓட்டைக்குள் போய் முட்டுகிற இடம். எண்ணெய் பல வழியாகப் பிரிந்து ஓடுகிற கட்டையான ஹைட்ராலிக் மேனிஃபோல்டு முழுக்க இதுதான். உள்ளே நிற்கிற பிசிறு கண்ணுக்கும் தெரியாது, கருவிக்கும் எட்டாது, ஆனால் எண்ணெய் ஓடத் தொடங்கியதும் ஒரு நாள் பிய்ந்துகொண்டு போய் வால்வில் சிக்கும். இங்கே வரிசைதான் உதவி: முதலில் சின்னக் குறுக்கு ஓட்டையைப் போட்டுவிட்டு, பெரிய ஓட்டையைக் கடைசி அளவுக்கு வெட்டுகிற ஃபினிஷ் போரிங்கையோ ரீமரையோ கடைசியாக ஓட்டினால், பெரிய ஓட்டைக்குள் நீட்டிக்கொண்டிருந்த பிசிறை அதுவே வெட்டிக்கொண்டு போகும். மிச்சம் கொஞ்சம் சின்ன ஓட்டைப் பக்கமாக மடங்கியிருக்கும். அதற்கு உருண்டை உருண்டையாக மணி கோத்த மாதிரி இருக்கிற ஹோன் பிரஷ்ஷையோ, செபெக் மாதிரி செராமிக் இழைப் பிரஷ்ஷையோ எண்ணெயோடு ஓட்டலாம். எந்தப் பிரஷ்ஷையும் ஓட்டைக்கு வெளியே வைத்துச் சுற்ற விடாதீர்கள், உள்ளே நுழைத்த பின் சுற்றுங்கள், நின்ற பின் வெளியே எடுங்கள். பார்ப்பதற்கு போனில் மாட்டுகிற சின்ன எண்டோஸ்கோப் கேமரா போதும், விலை அதிகமில்லை. கடையில் வாங்கிக் கொடுக்கும் வரை காத்திருக்காமல் நானே ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.

லேத்தில் சுற்றிக்கொண்டிருக்கிற பீஸில் அரம் போட்டால் கைப்பிடியை இடது கையில் பிடியுங்கள், அப்போதுதான் முழங்கை, பீஸைப் பிடித்துச் சுற்றுகிற சக்குக்கு மேலே போகாது. உப்புத்தாளை விரலில் சுற்றிக்கொண்டு சுற்றுகிற பீஸைத் தொடவே தொடாதீர்கள். தாளைக் கவ்வினால் விரலோடுதான் இழுக்கும்.

நூற்றுக்கணக்கில் இருந்தால்

ஒரு லாட்டில் ஐந்நூறு பீஸ் என்றால் கையால் முடியாது, செய்தாலும் ஐந்நூறும் ஐந்நூறு மாதிரி வரும். அதிர்வுத் தொட்டியில் கற்களோடு போட்டுச் சுற்ற விடுவார்கள், எஃகுக்கு செராமிக் கல், அலுமினியத்துக்குப் பிளாஸ்டிக் கல். போடும் முன் கல்லின் அளவையும் பீஸில் இருக்கிற ஓட்டைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள், அளவு ஒத்துப்போனால் ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு கல் மாட்டிக்கொண்டு, குத்தி எடுக்கவே ஒரு நாள் ஆகும். மரைக்கு ரப்பர் அடைப்பு போட வேண்டும். தொட்டிக்கு உடைக்க வேண்டிய விளிம்பு, கூராக இருக்க வேண்டிய விளிம்பு என்ற வித்தியாசம் தெரியாது, எல்லாவற்றையும் உருட்டிவிடும். எட்டாத உள்பிசிறுக்கு வாயுவையும் ஆக்சிஜனையும் அடைத்த அறைக்குள் கொளுத்தி, ஒரு கணத்தில் மெல்லிய பிசிறை மட்டும் எரித்துவிடுகிற முறையும் இருக்கிறது. அதெல்லாம் வெளியே அனுப்பிச் செய்கிற வேலை, மேஜையில் நமக்கு இல்லை.

தூசியும் கையுறையும்

கையால் ராவும்போது வெட்டுப்படாத கையுறை போடுங்கள். டிரில், லேத், கிரைண்டர் என்று எது சுற்றினாலும் கையுறையைக் கழற்றிவிடுங்கள், சுற்றுகிறது கையுறையைப் பிடித்தால் கையை விடாது. கண்ணாடி எப்போதும். காற்றுத் துப்பாக்கியால் ஓட்டையில் இருக்கிற சுருளை ஊதுவது இங்கே எல்லாரும் செய்கிறார்கள், அது எதிரில் இருக்கிறவர் கண்ணுக்குத்தான் போகும். உறிஞ்சியோ பிரஷ்ஷோ வையுங்கள்.

அலுமினியம், டைட்டானியம் தூசியைச் சாதாரணக் குப்பை என்று நினைக்காதீர்கள். 2021 பிப்ரவரி 24 அன்று துவாஸ் அவென்யூ 11இல் ஒரு பட்டறையில் வெடிப்பு நடந்து மூன்று தொழிலாளிகள் இறந்தார்கள், ஏழு பேர் காயம் அடைந்தார்கள். அதில் தூசியாகக் காற்றில் பறந்து தீப்பிடித்தது உருளைக்கிழங்கு மாவு. சமையலறை மாவுக்கே அந்த வேகம் என்றால் அலுமினியத் தூசியின் வேகத்தை யோசித்துப் பாருங்கள். அலுமினியத்தையும் இரும்பையும் ஒரே பெல்ட்டில், ஒரே தூசிப் பெட்டியில் கலக்கக் கூடாது, இரும்பின் தீப்பொறி அந்தத் தூசியில் விழும். தினமும் ஷிப்ட் முடிவில் மேஜைக்கு அடியிலும் விளக்குக்கு மேலேயும் படிந்ததைத் துடையுங்கள். பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள், உலோகத் தீக்கென்று உள்ள டி வகை அணைப்பான் எங்கே இருக்கிறது என்று முதல் நாளே கேட்டு வையுங்கள். அப்புறம், சாதாரண சாணைக்கல்லில் அலுமினியத்தைப் பிடிக்காதீர்கள், கல்லில் அப்பிக்கொண்டு சூடேறிக் கல்லே வெடிக்கலாம்.

முடிந்ததா என்று பார்ப்பது

விரல் வேண்டாம். காது குடைகிற பஞ்சுக் குச்சி ஒன்றை எடுத்து விளிம்பு நெடுக இழுங்கள். பிசிறு இருந்தால் பஞ்சின் நார் ஒன்று அங்கே நின்றுவிடும். அந்த இடத்தை 10 மடங்கு லூப்பில், விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் ஒன்றுமே தெரியாத விளிம்பு, சாய்ந்த வெளிச்சத்தில் வெள்ளிக் கம்பி மாதிரி மின்னும். என் லூப் ஜாலான் புசார் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில் ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு (லிட்டில் இந்தியாவுக்கு) போன வழியில் வாங்கியது, பத்து வருஷமாகச் சட்டைப் பையில் இருக்கிறது. வீட்டில் மறந்துவிட்டு வந்த நாளில் கை ஓடுவதில்லை.

பார்த்து முடித்ததும் கழுவுங்கள். ராவிய தூளும் கல்லின் துகளும் மரைக்குள்தான் உட்காரும், அல்ட்ராசானிக் தொட்டி இருந்தால் அதில் போடுங்கள். எஃகு பீஸ் என்றால் உலர்ந்த உடனே துரு தடுக்கும் எண்ணெய். நம் ஊர் ஈரத்தில் புதிதாக வெட்டிய விளிம்பும் அதில் பதிந்த விரல் ரேகையும் ஒரு ராத்திரி தாங்காது, சனிக்கிழமை மத்தியானம் எண்ணெய் போடாமல் வைத்த பீஸைத் திங்கள் காலை பார்த்தால் யார் தொட்டது என்று ரேகையை வைத்தே சொல்லலாம்.

கடைசியாக அடுக்குவது. ஒன்றின் மேல் ஒன்றாக டப்பாவில் போடாதீர்கள். பீஸோடு பீஸ் இடித்தால் விளிம்பில் சின்னப் பள்ளம் விழும், பள்ளத்தின் இரண்டு பக்கமும் உலோகம் எழும்பி நிற்கும், அதுவும் பிசிறுதான். ஃபோம் தட்டில் குழி குழியாக, முகம் மேலே பார்க்க, ஒவ்வொன்றையும் தனியாக வையுங்கள். தட்டு போதவில்லை என்றால் நடுவில் துரு தடுக்கும் தாள் ஒன்று போட்டு அடுத்த அடுக்கு வையுங்கள், லாட் நம்பரை மேலே எழுதிவிட்டு கியூசி மேஜைக்கு நீங்களே தூக்கிக்கொண்டு போங்கள், தள்ளுவண்டியில் வைத்து உருட்டாதீர்கள்.